ஒரு கை உப்பு எத்தனை கிராம்?

ஊர் முக்கில் கட்டுகிற பிளக்ஸில் அம்மாவின் படம் பெரிதாக இருக்கும். தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி. கீழே மகன், மருமகள், பேரன் பேத்திகள் வரிசை. தைப்பூசத்துக்குப் பழனி நடந்து போகிறவர்களுக்கு முப்பது வருஷம் சோறாக்கிப் போட்டவர் என்பது அதில் இருக்காது. பிளக்ஸ் அடிக்கக் கொடுத்தவருக்கு அந்த நேரத்தில் அது தோன்றியிருக்காது, குற்றம் சொல்ல முடியாது. பதினாறு நாள் போனால் அந்த பிளக்ஸ் மாட்டுக் கட்டுத்தரைக்கு மேலே மழைக்காப்பாகப் போய்விடும்.

கொங்கு நாட்டில் இப்படிப்பட்ட அம்மா ஊருக்கு ஒருவராவது இருப்பார். பதவி ஒன்றும் இருக்காது. மாரியம்மன் பொங்கலானாலும், கண் சிகிச்சை முகாமானாலும், மகளிர் குழுக் கூட்டமானாலும் "அந்த அம்மாவக் கேட்டுக்கலாம்" என்று ஊரே நம்பியிருக்கும். அவர் போனபின் நினைவு மலர் ஒன்று போடலாம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் பெரும்பாலான மலர்கள் அன்பே உருவானவர், தன்னலம் கருதாதவர் என்று நாற்பது பக்கம் ஓடி, அவர் என்னதான் செய்தார் என்று சொல்லாமலே முடிந்துவிடுகின்றன. பெயரையும் படத்தையும் மாற்றினால் பக்கத்து ஊர் அம்மாவுக்கும் அதே மலர் பொருந்தும்.

எத்தனை வள்ளம் (தானியம் அளக்கிற பாத்திரம்) அரிசி, எத்தனை மணிக்கு முதல் அடுப்பு, விறகு யார் தோட்டத்திலிருந்து வரும், மோர் புளித்துவிட்டால் அவர் என்ன செய்வார் என்பதையெல்லாம் எழுதினால்தான் அது அவருடைய வாழ்க்கை. அடுத்த தைப்பூசத்துக்கு அடுப்பு பற்ற வைக்கப் போகிறவர்களுக்கும் அது உதவும். இந்தக் கட்டுரை அதை எப்படிச் சேகரிப்பது, எங்கே தப்பிப்போகும் என்பதைப் பற்றியது.

யாருக்குத் தெரியும்

பிள்ளைகளுக்கு அதிகம் தெரியாது. இதைக் கேட்டு வருத்தப்பட வேண்டாம், இயல்புதான். பிள்ளைகள் அம்மாவை வீட்டுக்குள் பார்த்தவர்கள். வெளியில் அவர் செய்த வேலையைப் பார்த்தவர்கள் கூட நின்ற பெண்கள், அண்டா இறக்கிய ஆட்கள், பந்தல்காரர், மளிகைக்கடைக்காரர், கோயில் பூசாரி, பள்ளிக்கூட ஆயா. இவர்கள் எல்லாரும் துக்கம் கேட்க ஒரு தடவை வீட்டுக்கு வருவார்கள். மூன்றாம் நாளே கருமாதியை முடித்துவிடும் வீடுகள் இப்போது கூடிவிட்டன. 16 நாள் வைத்திருக்கிற வீட்டிலும் செவ்வாய், வெள்ளி யாரும் துக்கம் கேட்க வரமாட்டார்கள் என்று கழித்தால், ஆட்கள் தானாக வந்து உட்காருகிற நாள் பதினொன்று, பன்னிரண்டுதான். அதற்குப்பின் ஒவ்வொருவரையும் தேடிப் போக வேண்டும்.

எழவு வீட்டில் மைக்கை நீட்டுவது முறையல்ல. அப்போது செய்ய வேண்டியது ஒரே வேலை. ஒரு பேரனையோ பேத்தியையோ நோட்டும் பேனாவுமாக உட்கார வைத்து, வந்தவர் பெயர், ஊர், போன் எண், அம்மாவோடு எந்த வேலையில் கூட இருந்தவர் என்பதை மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். "பொங்கலுக்கு மாவிளக்கு இடிக்க வருவாங்க", "கண் கேம்ப்புக்கு வேன் புடிச்சுக் கொடுத்தவரு" என்று ஒரு வரி போதும். பேச்சைப் பதிவு செய்வது கருமாதி முடிந்த பிறகு. மொய் நோட்டைப் பத்திரமாக வைக்கிற குடும்பங்கள் இந்த நோட்டையும் அதோடு வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு பிழை ஊர்தோறும் நடக்கிறது. சொந்தத் தெருவில் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அன்னதானப் பந்தலுக்குப் பாத்திரம் கழுவ வந்தவர்கள் எந்தத் தெரு, சாப்பிட உட்கார்ந்தவர்கள் எந்தத் தெரு, ஒரே பந்தியா தனியா, இதையெல்லாம் அந்தத் தெருக்காரர்களிடம்தான் கேட்க வேண்டும். அம்மா அந்த வழக்கத்தை உடைத்தாரா, அதற்குள்ளேயே நின்றாரா, பாதி உடைத்தாரா என்பது அவர் வாழ்க்கையின் பெரிய பகுதி. ஒறம்பரை (உறவினர்) வாயிலிருந்து அது வராது.

கேட்கிற முறை

"அம்மாவப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் "தங்கமான மனுசி" என்று பதில் வந்து, கண் கலங்கி, பேச்சு அங்கேயே நின்றுவிடும். வேலையைக் கேளுங்கள். "ஏனுங்க பெரியம்மா, தைப்பூசத்துக்கு மொதல் அடுப்பு எத்தன மணிக்குப் பத்த வெப்பீங்க? அரிசி ஆரு களைவாங்க? அம்மா எந்த எடத்துல நிப்பாங்க?" இப்படிக் கேட்டால் கை முதலில் அசையும், பிறகு வாய். எந்த வருஷம் மழை வந்து அடுப்பு அணைந்தது, யார் கோபித்துக்கொண்டு போனார்கள், அம்மா எப்படிப் போய்க் கூட்டிவந்தார் என்பதெல்லாம் அதன் பின்னாலேயே வரும்.

முடிந்தால் அடுப்படியிலேயே வைத்துக் கேளுங்கள். சட்டுவத்தையும் முறத்தையும் கையில் கொடுத்தால் மறந்துபோன பாதி திரும்பி வரும். இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வைத்தால் ஒருவரை ஒருவர் திருத்துவார்கள். மூன்று பேருக்கு மேல் போனால் ஒரே நேரத்தில் பேசுவார்கள், பதிவு கேட்கவே முடியாது.

போனில் பதிவு செய்கிறவர்கள் விமான நிலையில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் அழைப்பு வந்து பதிவு அறுந்துபோகும். மேசை மீது வெறுமனே வைக்காமல் மடித்த துண்டின் மீது வையுங்கள், பேசுகிறவரிடமிருந்து ஒரு முழத்துக்குள். மின்விசிறியை நிறுத்துங்கள். பல்லடம், சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓடுகிற ஊரானால் தறி நிற்கிற நேரம் பார்த்துப் போக வேண்டும். நேரில் கேட்கும்போது நம் காது தறிச் சத்தத்தைத் தள்ளிவிடும், போன் தள்ளாது. முதல் ஒரு நிமிஷம் பதிந்து, போட்டுக் கேட்டுவிட்டுத் தொடருங்கள். கோப்புக்குத் தேதியும் ஆள் பெயரும் அன்றைக்கே வைத்துவிடுங்கள். பத்துப் பதிவு சேர்ந்தபிறகு எது யாருடையது என்று தேடி உட்காருவது பெரும் பாடு.

எழுத்தில் கொண்டுவரும்போது பேச்சை இலக்கணத் தமிழாக்க வேண்டாம். "அவுங்க வந்துட்டாங்கன்னா அடுப்பே பயந்துக்கும்ங்க" என்று ஒருவர் சொன்னதை "அவரது வருகையால் பணிகள் சிறப்புற நடைபெற்றன" என்று மாற்றி அச்சடித்த மலர்கள் உண்டு. சொன்னவருக்கே அது தன் பேச்சு என்று தெரியாது.

அளவு

இனி எல்லாரும் தடுமாறுகிற இடம். கூட வேலை செய்தவர்களிடம் அளவு கேட்டால் பதில் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: "அதையெல்லாம் ஆரு கண்ணு அளந்து போட்டா? கையில அள்ளி வீசறதுதான்." இதை அப்படியே எழுதிவிட்டு நகர்ந்தால் அந்த அம்மாவின் பாதி அறிவு போயிற்று. கைக்கும் எடை உண்டு. கூட நின்று சமைத்தவரைக் கல்லுப்பை மூன்று முறை அள்ளச் சொல்லி, தராசில் போட்டு, சராசரி எடுங்கள். அம்மாவின் கை இதைவிடப் பெரிதா சிறிதா என்று கேளுங்கள், சொல்லிவிடுவார்கள். அரைக் கரண்டி, ஒரு சொம்பு, குண்டா என்று அவர் புழங்கிய ஏனம் எதுவானாலும் வீட்டில் இருந்தால் தண்ணீர் ஊற்றி எத்தனை மில்லி என்று அளந்து, அடியில் பெயிண்டால் எழுதி வையுங்கள்.

வள்ளம், படி விஷயத்தில் புத்தகக் கணக்கை நம்ப வேண்டாம், ஊருக்கு ஊர் மாறும். அந்த வீட்டு வள்ளத்தை எடுத்து அதே அரிசியைப் போட்டு எடை பார்ப்பது ஒன்றே வழி. தலை தட்டி அளப்பாரா கோபுரமாக அளப்பாரா என்பதையும் கேட்க வேண்டும், பத்து வள்ளத்தில் அந்த வித்தியாசம் சில பேர் சாப்பாடு. ஒத்துப்பார்க்க ஒரு அளவு: 1 லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் தலை தட்டிய அரிசி ஏறக்குறைய 800 கிராம்.

நடந்து போகிறவர்களுக்கு நம் பக்கத்தில் பெரும்பாலும் அரிசிம்பருப்புச் சோறுதான். ஒரே பாத்திரத்தில் முடியும், தொட்டுக்கொள்ள ஊறுகாய் போதும், வயிற்றில் கனக்காது. 100 பேருக்கு 8 கிலோ அரிசி, 2½ கிலோ துவரம்பருப்பு, 2 கிலோ சின்ன வெங்காயம், 2 கிலோ தக்காளி, 300 கிராம் பூண்டு, 100 கிராம் வரமிளகாய், சீரகம் 50, மிளகு 30, மஞ்சள்தூள் 30 கிராம், முக்கால் லிட்டர் கடலெண்ணெய் என்று வைத்தால் ஆளுக்கு 400 கிராம் சோறு தேறும். வெந்தால் மொத்தம் 40 கிலோ பக்கம் வரும் என்பதால் 60 லிட்டருக்குக் குறையாத அண்டா வேண்டும். உப்பு 300 கிராமில் தொடங்கி, கொதி வந்தபின் தண்ணீரை ருசி பார்த்துக் கூட்டுவது. அந்தத் தண்ணீர் கொஞ்சம் கரிக்க வேண்டும், அரிசி இழுத்தபிறகு சரியாகிவிடும்.

வீட்டில் நன்றாகச் செய்கிற பெண்கள்கூட அண்டாவில் தவறுவது தண்ணீரில். வீட்டில் 1 டம்ளர் அரிசியும் கால் டம்ளர் பருப்பும் போட்டால் 3½ டம்ளர் தண்ணீர். அதே கணக்கில் அண்டாவில் ஊற்றினால் கூழாகிவிடும். அண்டாவில் சரக்கு அதிகம், அதற்கேற்ற அளவுக்கு வாய் அகலம் கிடையாது. ஆவியாகப் போகிற பங்கு குறைவு. ஆகவே 8 கிலோ அரிசிக்கு 28 முதல் 30 லிட்டர் போதும். பக்கத்து அடுப்பில் 2 லிட்டர் வெந்நீர் வைத்திருந்து, தேவையானால் தெளித்துக்கொள்ளலாம். அரிசியும் தண்ணீரும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் விறகை வெளியே இழுத்துவிட்டுத் தணலோடு விட வேண்டும், தட்டு மூடி அதன்மேலும் கொஞ்சம் தணல். இருபது நிமிஷத்தில் தன் சூட்டிலேயே வெந்துவிடும். அங்கே நின்று கிளறிக்கொண்டே இருக்கிற ஆர்வக்காரரைத் தள்ளி நிறுத்துவதும் அந்த அம்மாவின் வேலையில் ஒன்றாக இருந்திருக்கும்.

பருப்பு அடியில் தங்குவதால் அடிப்பிடிக்கும். வாசம் வந்தால் சுரண்டக் கூடாது. மேலாக அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும், அடியில் ஒரு விரற்கடை போனால் போகட்டும். சுரண்டினால் 100 பேர் சோறும் கருகல் வாசம் அடிக்கும். 200 பேர் என்றால் ஒரே பெரிய அண்டாவைத் தேடாமல் இரண்டு அண்டா வைப்பது நல்லது, மேல் கனத்தில் அடிச்சோறு மசிந்துபோகும்.

பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துக்கொண்டு பழனிக்கு நடக்கிறவர்கள் வெயிலில் வருவார்கள். அவர்களுக்குச் சோற்றைவிட மோர்தான் பெரிது. 25 லிட்டர் தயிருக்கு 75 லிட்டர் தண்ணீர், உப்பு அரைக் கிலோ, இஞ்சி அரைக் கிலோ, பச்சை மிளகாய் கால் கிலோ, பெருங்காயம், கறிவேப்பிலை, கொத்தமல்லி. 200 மில்லி டம்ளரில் 500 பேருக்கு வரும். காலையிலேயே மொத்தத்தையும் கலக்கி வைத்தால் மதியத்துக்குள் புளித்துவிடும், அதனால் இருபது இருபது லிட்டராகக் கலக்குவது. தயிரை நிழலில் ஈரச் சாக்குப் போட்டு வைப்பது. அலுமினிய அண்டாவில் மோர் நிற்கக் கூடாது, புளிப்பு உலோகத்தை அரித்துச் சுவை மாறும். எவர்சில்வர் அல்லது மண்பானை. விடியற்காலை 4 மணிக்கு வருகிற கூட்டத்துக்குச் சுக்குக் காப்பி. 10 லிட்டருக்கு 100 கிராம் சுக்கு, 150 கிராம் மல்லி, 1 கிலோ கருப்பட்டி. கருப்பட்டியைத் தனியே கரைத்து வடிகட்டியபின் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் கடைசி டம்ளர்காரருக்கு மண்தான்.

இந்த அளவுகள் எல்லாம் பொதுவானவை. உங்கள் அம்மாவின் அளவு வேறாக இருந்தால் அதுவே சரி. ஏன் வேறு என்பதையும் கேட்டு எழுதுங்கள். ஒருவர் தக்காளியைக் குறைத்துப் புளி சேர்ப்பார், தை மாசம் தக்காளி விலை ஏறியிருந்த ஏதோ ஒரு வருஷத்தில் தொடங்கிய பழக்கமாக இருக்கும்.

வருஷமும் பெயரும்

தேதியில் பிசகு வராத மலரே கிடையாது. பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதி, சேர்க்க வந்த அன்று வயது சரியாக வரும்படி ஆசிரியர் போட்டதாக இருக்கும். அந்தத் தலைமுறையில் மே, ஜூன் மாதப் பிறந்தநாள்கள் அத்தனை இருப்பது அதனால்தான். ஜாதக நோட்டு இருந்தால் அதை எடுங்கள். தமிழ் வருஷப் பெயர் 60 வருஷத்துக்கு ஒருமுறை திரும்பும், 2016 சித்திரையில் பிறந்த துர்முகி அதற்குமுன் 1956-ல் வந்தது. இங்கே ஒரு குழி உண்டு. "துர்முகி வருஷம் தை மாசம்" என்று இருந்தால் அது 1956 அல்ல, 1957 ஜனவரி–பிப்ரவரி. தை, மாசி, பங்குனியில் பிறந்தவர்களுக்கெல்லாம் ஒரு வருஷம் கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஜாதகமும் இல்லையென்றால் ஊர் நினைவில் இருக்கிற சம்பவங்களோடு கோத்துப் பார்க்கலாம். பவானிசாகர் அணை வேலை முடிந்தது 1955. எம்.ஜி.ஆர். சத்துணவு தொடங்கியது 1982 ஜூலை 1, அவர் மறைந்தது 1987 டிசம்பர் 24. கோயமுத்தூரில் குண்டு வெடித்தது 1998 பிப்ரவரி 14. கோவையில் செம்மொழி மாநாடு 2010 ஜூன். "எம்.ஜி.ஆர். செத்த வருஷம் பொங்கலுக்கு அம்மாதான் மொதல் மொதல்ல பொறுப்பு எடுத்தாங்க" என்று ஒருவர் சொன்னால், அது 1988 பொங்கலா 1987 பொங்கலா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். டிசம்பரில் நடந்ததை ஒட்டி வருகிற பொங்கலைத்தான் பலரும் அப்படிச் சொல்வார்கள்.

முகவரி மாறியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். காங்கயம், தாராபுரம் பக்கத்து ஊரானால் 1979 வரை கோயமுத்தூர் மாவட்டம், அதன்பின் பெரியார் மாவட்டம், அதுவே ஈரோடு என்று பெயர் மாறி, 2009-லிருந்து திருப்பூர். வீட்டை விட்டு நகராமலே அந்த அம்மா மூன்று மாவட்டத்தில் வாழ்ந்திருப்பார்.

பெயரும் அப்படித்தான். ரேஷன் அட்டையில் பழனியம்மாள், பத்திரத்தில் பழனாத்தாள், குழு நோட்டில் கையெழுத்து பழனியம்மா, ஊரில் "சோத்துக்காரம்மா". எல்லாவற்றையும் மலரில் போடுங்கள். கூட வேலை செய்த பெண்களின் பெயரைக் கேட்கும்போது "மேலத்தோட்டத்துக்காரர் சம்சாரம்" என்று வரும், அதோடு விடாமல் அவர் பெயரையே கேட்டு எழுதுங்கள். 1921-ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலுக்கு இறங்கிய, பெரியாரின் மனைவி நாகம்மையாரையும் சகோதரி கண்ணம்மாளையும் இன்றைக்கும் சொல்கிறோம். அவர்கள் பின்னால் தெருவில் நின்ற பெண்களில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்? (இறப்புப் பதிவு வேறு சமாச்சாரம். அதை 21 நாளுக்குள் செய்ய வேண்டும், பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்க வேண்டும். அவசரத்தில் செல்லப் பெயரைச் சொல்லிவிட்டுப் பிறகு வாரிசுச் சான்றிதழுக்கு அலைகிறவர்கள் நிறைய.)

நோட்டும் போனும்

அம்மா மகளிர் சுய உதவிக் குழுவில் ஊக்குநராகவோ பிரதிநிதியாகவோ இருந்திருந்தால், நினைவு மலருக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. 12 முதல் 20 பேர் சேர்ந்த குழுவின் வங்கிப் புத்தகம், தீர்மான நோட்டு, சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, ரொக்கப் புத்தகம் பெரும்பாலும் அவர் வீட்டு பீரோவில் இருக்கும். வங்கிக் கணக்கில் கையெழுத்து அவருடையது. குழு கூடித் தீர்மானம் போட்டு, இறப்புச் சான்றிதழ் நகலோடு வங்கியில் கொடுத்துக் கையெழுத்தை மாற்றுகிறவரை அத்தனை பெண்களின் பணமும் நிற்கும். துக்கத்தில் இருக்கிற வீட்டில் வந்து நோட்டைக் கேட்க அவர்களுக்கு நாக்கு எழாது. நீங்களாகக் கூப்பிட்டுக் கொடுங்கள், என்னென்ன கொடுத்தோம் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு.

கொடுக்குமுன் தீர்மான நோட்டின் பக்கங்களைப் படம் பிடித்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். வாழ்க்கை வரலாற்றுக்கு அதைவிட நல்ல மூலம் கிடையாது. தேதி, வந்தவர்கள், பேசியது எல்லாம் இருக்கும். கடன் பேரேட்டை மட்டும் படம் எடுக்க வேண்டாம், அது மற்றவர்களின் கஷ்டம். அதேபோல் அம்மாவின் சொந்த டைரியில் "கைமாத்து" என்று பெயரும் தொகையுமாக வரிகள் இருக்கும். யாருக்கு எவ்வளவு என்பது அச்சுக்குப் போகக் கூடாது. "கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வட்டியில்லாமல் கொடுத்து வாங்குவார்" என்ற ஒரு வரியே அதிகம்.

அவருடைய போனை அழித்துப் பேரனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதில் விறகுக்காரர், பால்காரர், வேன்காரர் என்று அவர் சேமித்த பெயர்களே ஒரு வேலைப் பட்டியல். 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் நிறுவனம் சிம்மை முடக்கிவிடக்கூடும், வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் தொடாமல் இருந்தால் அழிந்துவிடும். அதற்குள் எண்களை நோட்டில் எழுதி, குழு உரையாடல்களை ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் அனுப்பிய குரல்செய்திகள் மற்றவர்கள் போனில் இருக்கும், அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். "நாளைக்குக் காலையில மூணு மணிக்கு வந்துருங்க, தேங்கா துருவோணும்" என்கிற பத்து நொடிக் குரல்தான் பிற்பாடு வீட்டில் அதிகம் கேட்கப்படுவதாக இருக்கும்.

புகைப்படங்கள் பற்றிச் சுருக்கமாக. ஒட்டும் தாள் ஆல்பத்திலிருந்து இழுத்துப் பிடுங்கினால் கிழியும், வராததை அப்படியே வைத்து ஸ்கேன் செய்யுங்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போன சட்டப் படத்தைப் பிரிக்கவே வேண்டாம். அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 600 டிபிஐ. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கும், ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். பின்பக்கம் பெயர் எழுதப் பென்சில் மட்டும். கூட்டப் படத்தில் இடமிருந்து வலமாக எல்லார் பெயரும், தெரியாத முகங்களுக்கு எண் போட்டு ஊரில் காட்டிக் கேளுங்கள்.

எதை எழுதுவது, எதைச் சொல்லாமல் விடுவது

ஊருக்கு உழைத்த அம்மாவின் வீட்டில் எல்லாமே சுமுகமாக இருந்திருக்காது. பொங்கல் வாரம் முழுக்க அவர் கோயிலில் நிற்க, வீட்டில் நங்கையாளோ மூத்த மகளோ அடுப்பைப் பார்த்திருப்பார். வீட்டுக்காரர் முதல் பத்து வருஷம் விட்டிருக்கமாட்டார், அப்புறம் மேடையில் "என் மனைவி" என்று பேசியிருப்பார். இதை எழுதினால் குடும்பத்துக்கு ஆகாது என்று நீக்கச் சொல்வார்கள்.

நாகம்மையார் 1933 மே 11-ல் மறைந்தபோது பெரியார் தம் குடிஅரசு இதழில் இரங்கல் எழுதினார். பெண் விடுதலையைப் பற்றி மற்றவர்களுக்குப் போதித்ததில் நூற்றில் ஒரு பங்காவது தம் மனைவி விஷயத்தில் நடந்துகொண்டதாகச் சொல்லத் தமக்கு முழு யோக்கியதை இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதே ஈரோட்டுச் சீமையில் 90 வருஷத்துக்கு முன் அச்சில் சொல்ல முடிந்ததை இன்றைக்கு ஒரு குடும்பம் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. மூத்த மகளிடம் இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். அம்மா கோயிலில் இருந்த நாட்களில் வீட்டில் என்ன நடந்தது என்பது மட்டும். மகன்தான் முன்னுரை எழுத வேண்டும் என்ற வழக்கத்தையும் யாராவது ஒரு வீட்டில் மாற்றிப் பார்க்கலாம்.

விட்டுவிட வேண்டியவை: நோயின் கடைசி மாதங்களை மாத்திரைப் பெயரோடு விவரிப்பது, தலைவர்களோடு எடுத்த படங்களை வரிசையாகப் போடுவது, அனுதாபக் கடிதங்களை அப்படியே அச்சடிப்பது. இந்த மூன்றும் பாதி மலரைத் தின்றுவிடும்.

அச்சகம்

டெம்மி எட்டில் ஒன்று என்கிற சிறு புத்தக அளவு கைக்கு அடக்கம். நடுவில் பின் அடிக்கிற புத்தகத்துக்குப் பக்கம் நாலின் மடங்காக இருக்க வேண்டும், 32 அல்லது 48 வசதி. போனில் தட்டச்சு செய்தது யூனிகோடு. பல அச்சகங்களில் இன்னும் பழைய மென்பொருள், பழைய எழுத்துரு. மாற்றும்போது கொம்பும் காலும் பிரிந்து "கொ", "கோ" போன்றவை உடையும், ஸ்ரீ, க்ஷ காணாமல் போகும், ரகரமும் காலும் இடம் மாறும். ஆகவே மெய்ப்பைத் திரையில் பார்க்காமல் தாளில் எடுத்து, இரண்டு பேர் படிக்க வேண்டும். ஒருவர் வாய்விட்டுப் படிக்க, ஒருவர் மூலத்தை வைத்துச் சரிபார்க்க. எண்களை மட்டும் தனியாக இன்னொரு முறை. 300 கிராம் உப்பு 3000 ஆனால் படிக்கிறவர் சிரிப்பார், அதை வைத்துச் சமைக்கிறவர் பாடு வேறு.

வருஷத் திதிக்குத்தான் மலர் வர வேண்டும், கருமாதிக்கு அவசரப்பட வேண்டாம். பேரூரிலோ பவானி கூடுதுறையிலோ திதி கொடுத்துவிட்டு வந்து வீட்டில் கொடுக்கலாம். அதற்கு இரண்டு மாதம் முன்பே, அம்மாவோடு வேலை செய்த பெண்கள் நான்கு பேருக்கு அந்த அளவுப் பக்கங்களைப் படித்துக் காட்டி, ஒருமுறை சமைத்துப் பார்க்கச் சொல்லிவிடுங்கள். "உப்புப் பத்தாதுங்க கண்ணு, அம்மா இன்னொரு அரைக் கை போடுவாங்க" என்று ஒருவராவது சொல்வார்.

தாள் விஷயம் ஒன்று. படம் பளிச்சென்று விழ வேண்டுமென்று அச்சகத்தில் வழவழப்பான ஆர்ட் பேப்பர் முழுக்கப் போடச் சொல்வார்கள். படப் பக்கங்களுக்கு மட்டும் அதைப் போட்டு, மற்றவற்றுக்கு மேப்லித்தோ (பளபளப்பில்லாத எழுதும் தாள்) கேளுங்கள். கடைசி நான்கு பக்கத்தைக் கோடு போட்டு, வருஷம், வந்தவர் எண்ணிக்கை, அரிசி, பருப்பு, உப்பு, அடுப்பு பற்ற வைத்தவர் என்று தலைப்பு மட்டும் அடித்துக் காலியாக விடச் சொல்லுங்கள். பக்கம் விட்டுப்போச்சுங்களா என்று கேட்பார்கள். இல்லை, எழுதுவதற்கு என்று சொல்லிவிடுங்கள். ஆர்ட் பேப்பரில் பால்பாயின்ட் பேனா ஓடாது, ஈரக் கை பட்டால் அழிந்தும் போகும்.